மேட்டுப்பாளையமா, தலைஞாயிறா, மன்னம்பந்தலா? இயற்கை வளம் படிக்க ஆசைப்படும் டெல்டா பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை, "டாக்டர், இன்ஜினியர் எல்லாம் வேண்டாம், இயற்கையைப் பாதுகாக்கிற மாதிரி ஒரு படிப்பு வேண்டும்" என்று சொன்னால், நம் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "அதுக்கு மலைக்குல்ல போகணும், இங்க ஏது காடு?" என்பதுதான். அப்புறம் யாரோ ஒருவர் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருப்பதாகச் சொல்வார். இன்னொருவர், அதற்கு அக்ரியே மேல் என்பார். மூன்றாமவர், "உள்ளூரில் விலங்கியல் சேர்த்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் வயலுக்கு வந்து, ஏரிக்குப் போய், முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அந்த வழியில் எந்த இடத்தில் நின்று வேலை செய்ய ஆசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டெல்டாவில் காக்க வேண்டியவை எல்லாம் அந்தத் தண்ணீரோடு கட்டுண்டு கிடக்கின்றன.

இங்கே என்ன இருக்கிறது என்றே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான் மேயும் புல்வெளி, பூநாரை இறங்கும் சதுப்பு, பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காடு எல்லாம் அங்கே நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. திருவாரூர் மாவட்டத்தில் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சார் பட்டியலுக்குப் போயின. இரண்டுமே ஆற்றுத் தண்ணீர் வந்து நிறையும் பாசன ஏரிகள். கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரமும் அதே ஆண்டில் சேர்ந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதும் 2022இல்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு "இங்க ஏது காடு" என்று கேட்கிறோம்.

எந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று புரிந்துகொள்ள முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டை (மாங்குரோவ்) பார்த்தால் போதும். அங்கே ஒரு காலத்தில் பெரும்பரப்பு வெறும் உப்புத் தரையாகிப் போனது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஆண்டுக்கணக்கு வைத்து முழுவதுமாக வெட்டி எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரடியாக விழுந்து மண் காய்ந்து அமுங்கியது. தரை பள்ளமானது. ஓதத்தில் ஏறி வந்த கடல்நீர் வற்றத்தின்போது திரும்பப் போக வழியில்லாமல் அந்தப் பள்ளத்திலேயே தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்துக்கு மேல் எந்தக் கன்றும் அங்கே பிழைக்கவில்லை. மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு கடைமடை தாண்டிக் கடலுக்குப் போகும் நன்னீரும் குறைந்ததால் உப்பு இன்னும் கூடியது.

இதைச் சரிசெய்த வழிதான் முக்கியம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் உள்ளூர் கிராமங்களோடும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதத்தோடு தண்ணீர் உள்ளே வந்து, வற்றத்தோடு வெளியே போக வழி கிடைத்தது. உப்பு இறங்கியது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. பிச்சாவரத்திலும் இதே முறைதான்.

இந்த ஒரு வேலைக்கு எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த மரம் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று தெரிந்த ஒருவர். மண்ணை எடுத்துச் சோதிக்க ஒருவர். வாய்க்காலின் வாட்டம் பார்க்க ஒருவர். அலையாத்தி திரும்பி வந்தால் இறால் குஞ்சும் நண்டும் எப்படித் திரும்பும் என்று மீனவர்களிடம் பேச ஒருவர். வனவியல், வேளாண்மை, பொறியியல், மீன்வளம், தாவரவியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வேண்டும். ஆகவே "இயற்கைப் பாதுகாப்புக்கு எந்தப் படிப்பு சரி" என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. "இந்த வேலையில் என் பங்கு எது" என்று கேட்டால் கிடைக்கும்.

முதலில் வனவியல். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. படிப்பு நான்கு ஆண்டு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம், நீட் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஜன் சதாப்தி ஓடுகிறது, அங்கிருந்து மேட்டுப்பாளையம் பக்கம்தான். தூரத்தைக் காரணமாகச் சொல்லித் தயங்க வேண்டியதில்லை.

தயங்க வேண்டிய விஷயம் வேறு. வனவியல் என்றால் நான்கு வருடமும் யானை, புலி என்று நினைத்துப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடத்தில் வனவிலங்கு உண்டு. ஆனால் நாற்றங்கால், மரம் வளர்ப்பு, மர அளவீடு, வேளாண் காடு, மரப் பொருள்கள் என்பவைதான் அதில் பெரும்பகுதி. காகித ஆலைக்கான மரம், சவுக்கு, மலைவேம்பு வளர்ப்பு இவற்றில் அந்தக் கல்லூரிக்கு நல்ல பெயர். கடலோர மணல் பூமியில் சவுக்குப் போடும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது நேரடியாகப் பயன்படும். வனத்துறை வேலைதான் கனவு என்றாலும் இதைவிடப் பொருத்தமான இளநிலைப் பட்டம் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு வேறு பல அறிவியல் பட்டங்களையும் ஏற்கிறது என்றாலும், நான்கு ஆண்டு அந்தப் பாடத்திலேயே ஊறியவருக்கு அங்கே கை ஓங்கித்தான் இருக்கும்.

படித்து முடித்து ஊர்ப் பக்கமே வரவேண்டும் என்று நினைப்பவர் மட்டும் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். டெல்டாவில் காடு என்று சொல்லத்தக்க பரப்பு குறைவு, அதனால் பணியிடமும் குறைவு. வனத்துறையில் சேர்ந்தால் முதல் பணியிடம் சத்தியமங்கலமாகவும் இருக்கலாம், களக்காடாகவும் இருக்கலாம். அதற்கு மனம் தயாராக இருந்தால் சரி.

அடுத்தது மீன்வளம். டெல்டாப் பிள்ளைகள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. 2012இல் தொடங்கியது. தலைஞாயிற்றில் அதன் கல்லூரி ஒன்று உண்டு. பழமையான கல்லூரி வேண்டுமென்றால் தூத்துக்குடி, அது 1977 முதல் இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி. என்கிற மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு, இதற்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான்.

"மீன் படிக்கிறதா?" என்று கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், நம் கடற்கரையில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் நாகப்பட்டினம் கடலோரத்தில் வயலெல்லாம் இறால் பண்ணையானது. உப்புநீர் பக்கத்து வயலில் இறங்கியது, குடிநீர்க் கிணறு கெட்டது. காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அப்படிப்பட்ட பண்ணைகள் கூடாது, பாதிப்புக்கு இழப்பீடு தரவேண்டும் என்றது. 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கென்று தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன. இன்றும் இறால் பண்ணை இருக்கிறது, அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. எந்த இடத்தில் போடலாம், எவ்வளவு குஞ்சு விடலாம், கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்து விடவேண்டும் என்று தெரிந்த, உள்ளூர் நிலத்தையும் ஆட்களையும் அறிந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் எத்தனை ஏக்கர் தப்பியிருக்கும்! அந்த ஒருவரை உருவாக்கும் படிப்பு இதுதான்.

கடலுக்குள் போனாலும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை எதற்கு என்று படகுக்காரர்களிடம் விளக்க வேண்டும். பங்குனி ஆமை வலையில் மாட்டாமல் இருக்க வழி காண வேண்டும். கடற்பசு மேயும் கடற்புல் படுகையை இழுவை வலை சுரண்டாமல் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் மீன்வளமும் பாதுகாப்பும் சேரும் இடங்கள். மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இதைப் படித்துவிட்டு வந்து ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசினால், வெளியூர் அதிகாரி பேசுவதைவிடப் பல மடங்கு எடுபடும். (மீனவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு பற்றி அந்தந்த ஆண்டுத் தகவல் குறிப்பேட்டில் கட்டாயம் பாருங்கள். கேட்காமலேயே விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு.)

இதிலும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பி.எஃப்.எஸ்சி. பாடத்திட்டத்தின் எடை உற்பத்தியின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. வளர்ப்பு, பொரிப்பகம், தீவனம், பதப்படுத்தல், நோய் இவைதான் மையம். நீர்ச்சூழல், வள மேலாண்மை பற்றிய பாடங்கள் உண்டு, ஆனால் அவை ஒரு பகுதிதான். முதுநிலையில் அந்தப் பக்கம் திரும்பலாம். வேலை என்று பார்த்தால் மாநில மீன்வளத்துறை, பொரிப்பகங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், ஆராய்ச்சி என்று வாசல்கள் பல. ஊரை விட்டுப் போகாமலே வேலை செய்ய வாய்ப்பு அதிகமுள்ள படிப்பு இது.

வேளாண்மை பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வீட்டிலும் தெரியும். ஈச்சங்கோட்டையில் கல்லூரி இருக்கிறது, திருச்சியில் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இயங்குகிறது. கட்-ஆஃப் போட்டி மற்ற இரண்டையும்விட இங்கேதான் கடுமை.

ஆனால் அக்ரி படித்தால் இயற்கைப் பாதுகாப்புக்கு வர முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மாழ்வார் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைதான் படித்தார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்து, மண்ணை எப்படி மீட்பது என்று ஊர் ஊராகச் சொன்னார். டெல்டாவின் மிகப் பெரிய இயற்கை வளம் மண்ணும் தண்ணீரும்தான். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது, குறுவைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் போர்வெல்லை நம்புகிறார்கள், வடிகால் தூர்ந்து கிடப்பதால் ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்குகிறது. இவற்றைச் சரிசெய்ய விரும்பும் பிள்ளைக்கு வேளாண்மையோ, மண்-நீர்ப் பாதுகாப்பைப் பாடமாகக் கொண்ட வேளாண் பொறியியலோதான் நேர்வழி. வேளாண் பொறியியலுக்குத் திருச்சி பக்கம் குமுளூரில் கல்லூரி இருக்கிறது. தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் மூளை உள்ள பிள்ளைகளுக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன்.

இனி நான்காவது வழி. கட்-ஆஃப் எட்டவில்லை, அல்லது பறவையும் விலங்கும் செடியும்தான் உயிர் என்கிற பிள்ளைகளுக்கு உரியது இது. பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ விலங்கியல் அல்லது தாவரவியலில் மூன்று ஆண்டு, பிறகு சிறப்புப் பாடத்தில் முதுநிலை. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், பூண்டி, பூம்புகார் என்று டெல்டாவில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. செலவு மிகக் குறைவு. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரலாம்.

இந்த வழியின் அருமை இரண்டாவது கட்டத்தில்தான் தெரியும். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுநிலை இருக்கிறது. நாட்டில் இந்தப் பாடம் உள்ள இடங்கள் சொற்பம், அதில் ஒன்று நம் வீட்டு வாசலில் இருக்கிறது. கோடியக்கரையும் வடுவூரும் கைக்கெட்டும் தூரத்தில் களமாகக் கிடைக்கின்றன. கடல் உயிர்கள் என்றால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மை. இன்னும் மேலே போகத் துணிந்தால் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம். இவற்றில் இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத்தேர்வு கடுமை. ஆனால் உள்ளூர்க் கல்லூரியில் விலங்கியல் படித்தவர் என்பதற்காக யாரும் வாசலில் தடுப்பதில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனே முதலில் படித்த பட்டம் விலங்கியல்தான், திருவனந்தபுரத்தில். அதன் பிறகுதான் கோயம்புத்தூர் போய் வேளாண்மை படித்தார்.

இந்த வழியில் உள்ள கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுப் பட்டத்தோடு நிறுத்திவிட்டால் இந்தத் துறையில் நல்ல வேலை கிடைப்பது அரிது. முதுநிலை முடித்த பிறகும் முதல் சில ஆண்டுகள் ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. புலிகள் காப்பகங்களில் உயிரியலாளராகப் போனாலும் அப்படித்தான். நிலையான இடத்துக்கு வர நெட் தேர்வு, முனைவர் பட்டம் என்று நீண்ட தூரம் இருக்கிறது. படித்து முடித்த மறு வருடமே வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய நிலையில் உள்ள பிள்ளைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அந்த நெருக்கடி இல்லாதவர்களுக்கு, முழுக்க முழுக்கப் பாதுகாப்பையே படிக்கும் வழி இது ஒன்றுதான். மேலே சொன்ன மூன்று தொழிற்பட்டங்களும் வளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலிருந்து தொடங்குகின்றன. இது மட்டும்தான் அந்த உயிர் எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. உலகம் சுற்றிக் கோடியக்கரைக்கு வந்து இறங்கும் உள்ளான் பறவைக்கு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் காலில் வளையம் மாட்டி, அது எங்கே போய்த் திரும்புகிறது என்று பார்த்துவருகிறார்கள். அந்தப் பொறுமை யாருக்கு இனிக்கிறதோ அவர்களுக்கான படிப்பு இது.

சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தரும் கல்லூரிகளும் உண்டு. பெயர் கவர்ச்சியாக இருக்கும். இளநிலையில் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, முதுநிலையில் தாராளமாக எடுக்கலாம். காரணம் தேர்வுத் தகுதி. இந்திய வனப் பணித் தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. கேட்கும் பட்டியலில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல் (ஜியாலஜி), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியலின் பெயர் அதில் இல்லை. மீன்வளத்தின் பெயரும் தனியாக இல்லை. இந்திய வனப் பணிக் கனவோடு இருக்கும் பிள்ளை, ஆசைப்பட்டு ஒரு பட்டத்தை முடித்துவிட்டு, விண்ணப்பம் போடும் நாளில் இதைக் கண்டுபிடித்தால் எவ்வளவு வேதனை! சேரும் முன்பே பாருங்கள். அந்தப் பணிக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும்.

வங்கிப் பக்கம் நிலைமை வேறு. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு வேளாண்மை, மீன்வளம், வனவியல் மூன்றும் செல்லும், விலங்கியலும் தாவரவியலும் செல்லாது. பாதுகாப்புக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பிடித்த துறையில் வேலை கிடைக்கும்வரை குடும்பத்தைத் தாங்க ஒரு மாற்றுவழி இருக்கிறதா என்பதை நம்மைப் போன்ற வீடுகளில் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தக் கணக்கில் நான்காண்டுத் தொழிற்பட்டங்கள் முன்னே நிற்கின்றன.

பணக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது பலருக்குத் தெரியவில்லை. 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண்மை, மீன்வளம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் முன்னுரிமையாக உண்டு. அந்த இடத்தில் சேர்பவர்களின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. பொதுப் போட்டியில் இடம் எட்டாத அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இதில் எட்டலாம். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகுது" என்று விண்ணப்பம்கூடப் போடாமல் இருந்துவிடாதீர்கள். உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளின் வீட்டாரோடு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. "பொம்பளப் புள்ளைய காட்டுக்கும் கடலுக்கும் அனுப்ப முடியுமா" என்ற பயம் எனக்குப் புரிகிறது. இந்த எல்லாக் கல்லூரிகளிலும் பெண்கள் படிக்கிறார்கள். வனத்துறையில் காப்பாளர் முதல் உயர் அதிகாரி வரை பெண்கள் இருக்கிறார்கள். களப்பணிக்குக் குழுவாகத்தான் அழைத்துப் போகிறார்கள், ஆசிரியர் உடன் இருக்கிறார். பயத்தோடு மறுப்பதைவிட, ஒரு நாள் நேரில் போய் விடுதியைப் பாருங்கள், அங்கே படிக்கும் பெண்களிடமே கேளுங்கள். இரவுப் பயணம் எத்தனை முறை வரும், கைப்பேசி எடுக்காத இடங்களுக்குப் போகும்போது யார் பொறுப்பு என்றெல்லாம் வெளிப்படையாகக் கேட்கலாம், தவறே இல்லை. அந்த உரையாடல் நடந்தாலே பாதிப் பயம் தெளிந்துவிடும்.

சரி, இனி யாருக்கு எது? நல்ல கட்-ஆஃப் இருக்கிறது, எந்த ஊர் என்றாலும் போவேன், சீருடை போட ஆசை என்றால் மேட்டுப்பாளையத்தை முதல் விருப்பமாகப் போடுங்கள், தயங்காதீர்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளை, ஊரோடு இருக்க வேண்டும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் மீன்வளம். நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை, வயலும் வாய்க்காலும் கெட்டுப்போவது பொறுக்கவில்லை என்றால் வேளாண்மை அல்லது வேளாண் பொறியியல். விடிகாலையில் ஏரிக்கரையில் போய் நின்று பறவை பார்க்கும் பிள்ளை, சம்பளம் மெதுவாக வந்தாலும் வீடு தாங்கும் என்றால் உள்ளூரில் விலங்கியல், பிறகு மன்னம்பந்தலோ டேராடூனோ. கட்-ஆஃப் நன்றாக இருக்கிறதே என்று இந்தப் பிள்ளையைப் பிடித்து இழுத்து அக்ரியில் தள்ளுவது நடக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கே ஒரே ஒரு இடத்தைச் சிபாரிசு செய்யும் வாய்ப்பு இருந்தால், டெல்டாவுக்காக, மீன்வளத்தைச் சொல்வேன். நம் பக்கம் வயலைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகத்துவாரத்தைப் பற்றிப் பேச ஆள் போதவில்லை. ஆறும் கடலும் சந்திக்கும் அந்தச் சில மைல் தூரத்தில்தான் அலையாத்தியும் இறால் பண்ணையும் உப்பளமும் பறவைச் சதுப்பும் மீனவர் குப்பமும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சுனாமியும் கஜாவும் முதலில் அடித்ததும் அங்கேதான். 2004இல் பிச்சாவரத்தில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த வேலியைக் காக்கவும் அதற்குள் பிழைப்பைக் காக்கவும் ஒரே நேரத்தில் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும்.

விண்ணப்பம் போடும் வேலைக்கு வருவோம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதா, தனித்தனியாகவா என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழக விருப்பப் பட்டியலில் வனவியலும் வேளாண்மையும் ஒன்றாக வரும், எது மேலே என்பதை பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அதோடு உள்ளூர்க் கலைக் கல்லூரி ஒன்றிலும் விண்ணப்பித்து வையுங்கள். முதல் கலந்தாய்வில் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க அது தைரியம் தரும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முத்துப்பேட்டையில் படகேறி அலையாத்திக்குள் ஒரு முறை போய்வாருங்கள், வனத்துறை அனுமதியோடு போகலாம். மார்கழி, தை மாதமாக இருந்தால் கோடியக்கரையும் சேர்த்துப் பார்க்கலாம். திரும்பி வரும் வழியில் பிள்ளை எதைப் பற்றிப் பேசுகிறது என்று கவனியுங்கள். மரமா, பறவையா, மீனா, தண்ணீரா என்று அதிலேயே தெரிந்துவிடும், அந்த வரிசையில் விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.